ஒன்பது மாதம் அடைத்திருந்த மூக்கு

1998 மார்ச் 9, திங்கட்கிழமை. நான்கரைக்கு எழுந்தேன். பிளேன்டீ குடித்தேன். ஐந்தேகாலுக்குப் புகைக்கூட்டின் பூட்டைத் திறந்தேன். அடுப்பில் ஏழு விறகு. கூரைத் துவாரம் பாதி திறப்பு. மழை இல்லை, ஆகவே இறப்பர் மரத்தில் பால் வெட்டு உண்டு. ஐந்தே முக்காலுக்குப் ஆட்களை வேலைக்குக் கூட்டும் பெரட்டுத் தப்புச் சத்தம் கேட்டது. எட்டு மணிக்கு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும். எட்டே காலுக்கு இரண்டாவது தடவை விறகு. ஒன்பது மணிக்குப் புகைக்கூட்டு வாசலில் உட்கார்ந்து கணக்குப் புத்தகம் எழுதினேன்.

இதெல்லாம் என் நாட்குறிப்பில் இருக்கிறது. இருபத்தாறு வயதில் எழுதத் தொடங்கியவன், நாற்பத்தேழு வயது வரை ஒரு நாளும் விட்டதில்லை.

இலங்கையில் ருவான்வெல்லைக்கு மேலே ஓர் இறப்பர் தோட்டத்தின் ஸ்டோரில் (தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) புகைக்கூட்டுக்குப் பொறுப்பாக இருந்தேன். மரத்திலிருந்து வரும் பாலை ஆசிட் விட்டு உறைய வைத்து, உருளையில் அழுத்தி மெல்லிய சீட்டாக்கி (ஷீட்), கம்புகளில் தொங்கவிட்டு நாலைந்து நாள் புகையில் உலர்த்துவோம். புகை குறைந்தால் சீட்டில் பூஞ்சணம் பிடிக்கும். சூடு கூடினால் கொப்புளம் வரும். ஒரு சீட்டு நழுவி அடுப்புக் குழியில் விழுந்தால் கூடு முழுவதும் பற்றிக்கொள்ளும். இவற்றைக் கண்ணுக்கு முன் மூக்கு அறிய வேண்டும். அந்த மூக்குக்காகத்தான் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் என்னை மலை வேலையிலிருந்து எடுத்து அந்த வாசலில் உட்கார வைத்தார்கள்.

ஒன்பது இருபதுக்கு உருளைப் பக்கமிருந்து பியதாச ஓடி வந்தான். பக்கத்துக் கிராமத்துச் சிங்களவன். பதினைந்து வருடமாக எங்களுடன் வேலை செய்து தமிழைச் சொந்தமாக்கிக்கொண்டவன். அவசரத்தில் மட்டும் சிங்களம் முந்திக்கொள்ளும்.

"மொகத மே கந்த! அண்ணே, என்னா இந்த நாத்தம்?"

கதவைத் திறந்தோம். இரண்டு சீட்டுகள் கம்பிலிருந்து நழுவி அடுப்புக்கு மேலிருந்த இரும்புத் தகட்டில் கிடந்து கருகிக்கொண்டிருந்தன. கொக்கியால் இழுத்து வெளியே போட்டுத் தண்ணீர் ஊற்றினோம். வேறு எதுவும் பற்றவில்லை.

இறப்பர் கருகும் நாற்றம் அரை மைலுக்குத் தெரியும். நான் நான்கு அடி தூரத்தில் இருந்தேன்.

"அண்ணே, அந்த மூக்கு வேலைக்கு வச்சிருக்கீங்களா, சும்மா அழகுக்கா?" என்றான் பியதாச. சிரித்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

"பெக்டரி ஐயாகிட்ட சொல்லிடாத," என்றேன். ஸ்டோருக்குப் பொறுப்பான அதிகாரியை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"நான் சொல்ல மாட்டேன். ஆனா சீட்டு சொல்லுமே."

அன்றைய குறிப்பின் கடைசி வரி: "மணம் தெரியவில்லை."

தடிமன் (ஜலதோஷம்) இல்லாமல் மூக்கு அடைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தும்மல் கிடையாது, காய்ச்சல் கிடையாது, சிந்துவதற்கு ஒன்றுமே வராது. ஆனால் காற்றும் போகாது. வெளியே பார்ப்பவருக்கு நாம் நோயாளி இல்லை. வேலைக்குப் போக வேண்டும், பேச வேண்டும், சாப்பிட வேண்டும். எல்லாவற்றையும் வாயால் மூச்சு விட்டுக்கொண்டே செய்ய வேண்டும். அந்தக் களைப்பை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். கிளினிக் வாங்குகளில் (பெஞ்சுகளில்) பின்னர் அப்படிப் பலரைச் சந்தித்தேன். ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அது முந்தைய வருடம் ஆகஸ்டில் தொடங்கியது. முதலில் இடது பக்கம் அடைத்தது. இரண்டு மூன்று மணி நேரத்தில் அது திறந்து வலது அடைத்தது. இப்படி மாறி மாறி. ஒரு வாரம் பொறுத்துவிட்டுத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனேன். அங்குள்ள மருத்துவ உதவியாளரை நாங்கள் டொக்டர் ஐயா என்போம். அவர் டோர்ச் அடித்துப் பார்த்து, "சளி ஒண்ணும் இல்லியே, உள்ள வீங்கித்தான் இருக்கு, பொகையா இருக்கும்," என்று ஒரு சின்னப் போத்தலில் சொட்டு மருந்து கொடுத்தார்.

முதல் சொட்டு விட்ட ஐந்தாவது நிமிடம் இரண்டு பக்கமும் திறந்தது. புகைக்கூட்டின் இரண்டு கதவையும் ஒன்றாகத் திறந்தது போல இருந்தது. இப்படி ஒரு மருந்து இருப்பது தெரியாமல் ஒரு வாரத்தை வீணாக்கினேனே என்று நினைத்தேன்.

போத்தல் முடிந்ததும் ருவான்வெல்லைக் கடைத்தெருவில் அதே மருந்தை வாங்கிக்கொண்டேன். டிஸ்பென்சரியில் வேறு ஆட்களுக்கு வேண்டியதை நான் ஏன் வாங்க வேண்டும் என்ற எண்ணம்தான். அது முடிந்ததும் அடுத்தது. போத்தலைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். இரவில் தலையணைக்குக் கீழ்.

ஆனாலும் அடைப்பு போகவில்லை. நாளுக்கு நாள் கூடியது. ஆகவே காரணத்தைத் தேடத் தொடங்கினேன். எனக்குத் தெரிந்த முறையில், ஒவ்வொன்றாக, திகதி போட்டு.

முதலில் புகை. ஒக்டோபரில் மூன்று வாரம் பியதாசவின் மச்சினனைப் புகைக்கூட்டில் விட்டுவிட்டு நான் சீட்டு கழுவும் இடத்தில் நின்றேன். முதுகுவலி என்று சொல்லிக்கொண்டேன். மூக்கு மாறவில்லை.

இரண்டாவது ஆசிட். பால் உறைய விடும் ஆசிட்டின் காரம் கண்ணில் நீர் வரவைக்கும். அந்தக் கொட்டகைப் பக்கம் பத்து நாள் போகாமல் இருந்தேன். மாறவில்லை.

மூன்றாவது வீடு. இலவம்பஞ்சுத் தலையணையில் தூசி என்று யாரோ சொன்னார்கள். மனைவி சரோஜா அதை வெயிலில் போட்டுத் தடியால் அடித்தாள். பிறகு தூக்கியே போட்டாள். லயத்து (தோட்டத்து வரிசைக் குடியிருப்பு) அறையின் பழைய சாக்குகளையும் வெளியேற்றினாள். சமையல் அடுப்பைப் பின்கொட்டிலுக்கு மாற்றினாள். மாறவில்லை.

மார்ச்சில் இறப்பர் மரம் பூக்கும். பூத்தூள் சிலருக்கு ஆகாது என்பார்கள். ஆனால் என் அடைப்பு ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. எனவே அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

இந்தப் பட்டியலை எழுதும்போதெல்லாம், எழுதுவதற்கு முன் இரண்டு சொட்டு விட்டுக்கொள்வேன்.

கருகிய சீட்டுகளுக்குப் பிறகு எனக்குப் பயம் வந்தது. பெக்டரி ஐயாவுக்குத் தெரிந்தால் புகைக்கூட்டுச் சாவி போய்விடும். மறுபடி மலைக்கு, புல்லு வெட்ட. என் முழங்கால் ஏற்றத்தில் நிற்காது. தெரியாவிட்டால் அதைவிட மோசம். கூடு எரிந்தால் ஆளுக்கு நானூறு மரம் சுற்றிப் பால் வெட்டிய அத்தனை பேருடைய வேலையும் அதோடு போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தேன். அது வெட்கமான வழி.

அதற்கடுத்த நாளிலிருந்து சரோஜா பெரட்டுக்குப் போகுமுன் புகைக்கூட்டு வாசலில் வந்து நின்றாள். அவள் பால் வெட்டுபவள். கத்தியும் வாளியும் கையில் இருக்கும். கதவை ஒரு சாண் திறப்பேன். அவள் முகத்தை உள்ளே நீட்டி மூச்சிழுப்பாள்.

"மொத வரிசை பரவால்லீங்க. ரெண்டாவது இன்னும் பச்ச வாடை. பின்னாடி எங்கியோ சூடு ஏறுது."

நான் துவாரத்தைக் கூட்டுவேன், விறகைக் குறைப்பேன். மதியம் பால் நிறுக்க வரும்போது இன்னொரு தடவை முகர்ந்து சொல்லுவாள்.

பத்து நாளில் அவள் சரியாகச் சொல்லப் பழகிவிட்டாள். ஆனால் காலையில் கால் மணி நேரம் பிந்தியது. இறப்பர் மரம் வெயில் ஏறினால் பால் விடாது. கங்காணி அவளைக் கேட்டிருக்கிறார்: "என்னாம்மா, ஒன் மரத்துக்கு மட்டும் பால் வத்திப்போச்சா?" அவள் அதை எனக்குச் சொல்லவில்லை. பியதாச சொல்லித்தான் தெரியும்.

"அண்ணே, ஒரு மூக்குக்கு ரெண்டு பேர் வேலை செய்றீங்க," என்றான். "அக்காவ பெக்டரி ஐயா கண்டா மூக்குக்குத் தனியா சம்பளப் பேர் போடச் சொல்லுவார்."

மார்ச் கடைசியில் டிஸ்பென்சரிக்கு மறுபடி போனேன். டொக்டர் ஐயா இந்த முறை அதிகம் கேட்டார். இரத்த அழுத்தத்துக்குக் குளிசை (மாத்திரை) குடிக்கிறீர்களா? சில குளிசைகள் மூக்கை அடைக்குமாம். இல்லை. கழுத்தைத் தடவிப் பார்த்தார், தைரொயிட் (கழுத்தின் முன்பக்கச் சுரப்பி) மந்தமானாலும் மூக்கின் உள்தோல் வீங்கும் என்றார். வீக்கம் இல்லை. ஒரு பக்கம் மட்டும் எப்போதும் அடைக்கிறதா, இரத்தம் வருகிறதா என்று இரண்டு தடவை கேட்டார். இல்லை, மாறி மாறித்தான் என்றேன். அவர் முகம் சற்றுத் தளர்ந்தது.

இதை வாசிப்பவர்களுக்கு ஓர் இடத்தில் அழுத்திச் சொல்கிறேன். ஒரே பக்கம் விடாமல் அடைத்து, அதில் இரத்தமோ நாற்றமுள்ள நீரோ வந்தால் என்னைப் போலப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். அது கட்டியாகவும் இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கரவனெல்ல ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். சைனஸ் (முக எலும்புக்குள் இருக்கும் காற்று அறைகள்) இரண்டு பக்கமும் தெளிவாக இருந்தது. அங்கிருந்து கேகாலையில் காது மூக்கு தொண்டைக் கிளினிக்குக்குச் சிபாரிசுத் துண்டு கொடுத்தார்கள். ஏப்ரல் 23, வியாழக்கிழமை.

அதற்கு முந்தைய இரண்டு நாளும் நாட்குறிப்பிலிருந்து எடுத்து ஆறு பக்கம் எழுதினேன். திகதி, மழை, விறகு ஈரமா காய்ந்ததா, சாப்பாடு, எந்தப் பக்கம் எத்தனை மணிக்கு அடைத்தது, எத்தனை மணிக்குத் திறந்தது. கோடு போட்டு, மை சிந்தாமல். சரோஜா கேட்டாள், "இத டாக்டர் வாசிப்பாங்களா?" "வாசிக்காட்டி நான் வாசிச்சுக் காட்டுவேன்," என்றேன்.

கிளினிக் வாங்கு நீளமானது. ஏழு மணிக்கு உட்கார்ந்தேன். பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். மருத்துவர் ஒரு பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். கிளினிக் அறையின் கதவு திறந்தே இருந்தது. வாங்கில் இருப்பவர்களை அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சிங்களத்தில் பேசினார். எனக்குச் சிங்களம் சரளம். இங்கே தமிழில் தருகிறேன்.

நெற்றியில் விளக்குக் கட்டி மூக்கைப் பார்த்தார். நடுத்தண்டு (இரண்டு துவாரங்களையும் பிரிக்கும் சுவர்) கொஞ்சம் வலது பக்கம் வளைந்திருக்கிறது, நிறையப் பேருக்கு அப்படித்தான், அது காரணமில்லை என்றார். பொலிப் (உள்தோலில் திராட்சைபோலத் தொங்கும் சதை வளர்ச்சி) இல்லை. பக்கச் சுவரின் சதை மடிப்புகள் மட்டும் சிவந்து வீங்கி வழியை மறித்திருக்கின்றன.

நான் ஆறு பக்கத்தையும் நீட்டினேன். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. வரிசைகளை நான் சொல்லச் சொல்ல விரலால் தொடர்ந்தார். கடைசிவரை கேட்டார். அதற்காக அவருக்கு இன்றும் நன்றியுள்ளவனாக இருக்கிறேன்.

"மிக நன்றாக எழுதியிருக்கிறீர்கள்," என்றார். "அந்த வாங்கில் உட்கார்ந்ததிலிருந்து எத்தனை தடவை மருந்து விட்டீர்கள்?"

"மூன்று தடவை, மிஸ்."

"நான் கண்டது இரண்டு. அது இந்தத் தாளில் எங்கே இருக்கிறது?"

நான் தாளைப் பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன்.

"அது மருந்துதானே, மிஸ். அதை எதற்கு எழுத?"

அவர் சிரிக்கவில்லை. கையை நீட்டினார். சட்டைப் பையிலிருந்த போத்தலை எடுத்துக் கொடுத்தேன். விளக்கில் பிடித்து அளவு பார்த்தார்.

"உங்கள் மூக்கு அடைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்."

அவர் விளக்கியது இவ்வளவு. இந்தச் சொட்டு இரத்தக் குழாய்களைச் சுருக்கும். சதை சுருங்கும், வழி திறக்கும். மருந்தின் வேகம் இறங்கியதும் குழாய்கள் முன்பைவிட அதிகமாக வீங்கும். மறுபடி சொட்டு. மறுபடி வீக்கம். சில நாட்களுக்குப் பிறகு அடைப்பை உண்டாக்குவது நோயல்ல, மருந்து. ஆகஸ்டில் என்ன காரணத்துக்காக அடைத்ததோ அது செப்டெம்பரிலேயே போயிருக்கலாம் என்றார்.

எனக்கு இன்னொரு கேள்வி இருந்தது. "அப்படியென்றால் ஒரு பக்கம் அடைத்து மறுபக்கம் திறந்து, மாறி மாறி வந்ததே, மிஸ்? அது மருந்துக்கு முன்னாலேயே இருந்ததே?"

"அது எல்லோருக்கும் இருக்கிறது. எனக்கும்தான். சில மணி நேரத்துக்கு ஒரு தடவை மூக்கு ஒரு பக்கத்துக்கு ஓய்வு கொடுக்கும். சுகமாக இருப்பவர்கள் அதைக் கவனிப்பதில்லை. நீங்கள் கவனித்திருக்கிறீர்கள், நேரமும் எழுதியிருக்கிறீர்கள்."

இரண்டு பக்கமும் எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்று எட்டு மாதம் நான் என் மூக்கோடு போராடியிருக்கிறேன். அது கேட்டது கொஞ்ச நேர ஓய்வு.

வீட்டுக்கு வந்து முந்தைய வருடத்துக் குறிப்பை எடுத்தேன். ஆகஸ்ட் 19. என் கையெழுத்து. "டொ. ஐயா சொட்டு மருந்து தந்தார். ஐந்து நாளைக்கு மேல் வேண்டாம் என்றார்." அடியில் கோடும் போட்டிருந்தேன். அந்தப் பக்கத்தை இந்த எட்டு மாதத்தில் ஐந்தாறு தடவை புரட்டியிருப்பேன். புகை, ஆசிட், தலையணை எதையும் தவறவிடாதவன் அந்த ஒரு வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன். ஸ்டோர்ப் புத்தகத்தில் சீட்டைக் கெடுப்பவற்றைத்தான் எழுதுவோம். கழுவுகிற தண்ணீரை யாரும் எழுத மாட்டோம். அந்தப் பழக்கமாக இருக்கலாம். வேறு சமாதானம் எனக்கு இல்லை.

சிகிச்சை எளிமையானது. செய்வதுதான் கடினம். இடது பக்கத்துக்குச் சொட்டை அன்றோடு நிறுத்த வேண்டும். வலது பக்கத்துக்கு இரண்டு வாரம் தொடரலாம், மூச்சுக்கு ஒரு வழியாவது இருக்க. பிறகு வலதையும் நிறுத்த வேண்டும். கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரால் நாளைக்கு மூன்று தடவை கழுவ வேண்டும். ஒரு ஸ்டெரொயிட் ஸ்ப்ரே (வீக்கத்தை மெதுவாகக் குறைக்கும் மருந்து, பழக்கத்தை உண்டாக்காது) காலையும் மாலையும்.

"முதல் வாரம் என்னைத் திட்டுவீர்கள்," என்றார் மருத்துவர். "திட்டுங்கள். போத்தலை மட்டும் எடுக்காதீர்கள்."

இதோடு செய்ய வேண்டிய இன்னொன்று இருந்தது. சரோஜாதான் சொன்னாள். "இனிமே ஒளிச்சு வைக்க முடியாதுங்க. நீங்க தூக்கம் இல்லாம போய் அங்க ஒக்காந்தா நான் எத்தன தடவ ஓடி வர்றது? போய்ச் சொல்லிடுங்க. புல்லு வெட்டுனா வெட்டுவோம்."

ஏப்ரல் 24, காலை ஏழரை. பெக்டரி ஐயாவின் மேசைக்கு முன் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கருகிய இரண்டு சீட்டையும் சொன்னேன். சரோஜா முகர்ந்ததையும் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒன்றரை மாசமா ஒங்க சம்சாரந்தான் கூட்ட நடத்துதா?"

"ஆமாங்க ஐயா."

"சீட்டு ஒண்ணும் மோசமில்லியே," என்றார், தனக்குள் சொல்வதுபோல. பிறகு, "கூட்டுல ஒரு தெர்மோமீட்டர் இருந்துச்சே?"

"ஒடஞ்சு ரெண்டு வருஷங்க. நீங்கதான், என் மூக்கு இருக்கும்போது அது எதுக்குன்னு சொன்னீங்க."

அவர் மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டினார். சாவியை வாங்கிக்கொண்டார். பியதாசவிடம் கூடு, எனக்குச் சீட்டு கழுவும் இடம். புதுத் தெர்மோமீட்டர் வரும். மே மாதம் முடியும்போது மூக்கைப் பார்ப்போம். அதற்குமேல் வாக்கு எதுவும் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

இடது பக்கம் நிறுத்திய முதல் நான்கு நாள் அந்தப் பக்கம் சிமெந்து பூசியது போல இருந்தது. தலை கனத்தது. வாய் காய்ந்து நாக்கு ஒட்டியது. சோறு விழுங்கும்போது மூச்சு முட்டும். ஒரு வாய், பிறகு ஒரு மூச்சு, பிறகு அடுத்த வாய். ஒரு தட்டுச் சாப்பாட்டுக்கு நாற்பது நிமிடம். ஐந்தாம் நாள் ஒரு நூல் அளவு காற்று. ஒன்பதாம் நாள் அது ஈர்க்குக் கனம். பன்னிரண்டாம் நாள் இடது பக்கம் வலதைவிட நன்றாக இருந்தது, அதுவும் சொட்டு இல்லாமல். அப்போதுதான் மருத்துவர் சொன்னதை முழுதாக நம்பினேன்.

மே 8, வெள்ளிக்கிழமை. போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருந்தது. சரோஜாவிடம் கொடுத்தேன். அவள் கான் (வடிகால்) பக்கம் போய் ஊற்றிவிட்டு வெறும் போத்தலைக் காட்டினாள். நான் நம்ப மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

கிராமத்தில் வெசாக் பண்டிகைக்குக் காகித விளக்குக் கூடுகள் கட்டிக்கொண்டிருந்த அந்த வாரம் எனக்குச் சரியாக நினைவில்லை. குறிப்பிலும் ஓரிரு சொற்களே உள்ளன. "களைப்பு." "வேலைக்குப் போனேன்." "களைப்பு." கை ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு தடவை வெறும் சட்டைப் பைக்குப் போகும். நான் அனுப்பாமலே போகும். எட்டு மாதமாக என் நாளைச் சொட்டுக்களால் பிரித்து வைத்திருந்தேன்; அதை எடுத்தபின் காலை எது, மத்தியானம் எது என்று தெரியாமல் நீண்டு கிடந்தது.

மே 21. கழுவும் இடத்தில் நின்றேன். மழை வரப்போகிற நேரம். திடீரென்று புளித்த வாடை ஒன்று வந்தது. உருளைக்குக் கீழே தேங்கிய தண்ணீர். யாரும் விரும்பாத நாற்றம். பக்கத்தில் நின்றவளிடம் "நாறுதா?" என்று கேட்டேன். "எப்பவும் நாறுறதுதானே, அண்ணே," என்றாள். அந்த இடத்தை விட்டு நகராமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

மே 29, வெள்ளி. வேலை முடிகிற நேரம் பெக்டரி ஐயா கூப்பிட்டார். பியதாச தன் துவாயால் என் கண்ணைக் கட்டினான். வியர்வை வாடை அடித்தது. அதுவே நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன். சீட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாக மூக்குக்கு நேரே பிடித்தான்.

"இது?"

"இன்னிக்கு உருளைல வந்தது. ஆசிட் வாடை போகல்ல."

"இது?"

கருவாட்டுப் புகையும் வெல்லமும் கலந்த மணம். பன்னிரண்டு வருடம் தினமும் முகர்ந்தது. "காஞ்சது. கம்பிலேர்ந்து எறக்கலாம்."

"இது?"

நெடுநேரம் பிடித்தது. "நாலாம் நாள்," என்றேன். பியதாச அடுத்ததை எடுத்தான்.

"சரி, இது?"

ஒரு மூச்சு போதுமாக இருந்தது. "இது பியதாசவோட செருப்பு."

பெக்டரி ஐயா சத்தமாகச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். துவாயை அவிழ்த்தார்கள். மூன்றாவது துண்டு இரண்டு நாள் மட்டுமே புகையில் இருந்தது. அதில் நான் பிழை.

"செருப்பு சரி. சீட்டு மூணுல ரெண்டு சரி," என்றார் அவர். "சாவிய எடுங்க. நாளைக்குக் காலையிலேர்ந்து கூடு ஒங்களுக்கு. தெர்மோமீட்டரையும் பாருங்க. ரெண்டும் ஒத்துப்போகாட்டி வந்து சொல்லுங்க. ஒளிக்காதீங்க."

பியதாச சாவியைத் தந்தான். "எனக்கு உருளையே போதும் அண்ணே," என்றான். "அந்தக் கூட்டுக்குள்ள நின்னு வீட்டுக்குப் போனா பொண்டாட்டி என்னையும் கம்புல தொங்கப் போடப் பார்க்குறா."

முழுதாகச் சுகமானேன் என்று எழுத மாட்டேன். நடுவில் உள்ள மணங்கள், பாதி காய்ந்தவை, பாதி கெட்டவை இன்னும் பிடிபடவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்றார் மருத்துவர். ஆறு பக்கம் எழுதுவதை நிறுத்திவிட்டேன். எந்தப் பக்கம் அடைத்திருக்கிறது என்று இப்போதும் தெரிகிறது, ஆனால் அதை எழுதுவதில்லை. அது குறை இல்லை, முறை. ஒரு பக்கம் வேலை செய்கிறது, மறுபக்கம் ஓய்வெடுக்கிறது. நாற்பத்தேழு வருடமாக என்னைக் கேட்காமல் நடந்துகொண்டிருந்த ஒன்று.

மே 30, சனி. நான்கரைக்கு எழுந்தேன். கை தலையணைக்குக் கீழே போய் வெறுமையாகத் திரும்பியது. ஐந்தேகாலுக்குப் புகைக்கூட்டைத் திறந்தேன். வர வேண்டாம் என்று சொல்லியிருந்தும் சரோஜா கத்தியும் வாளியுமாக வாசலில் நின்றாள். இரவு மழை இல்லை, மரம் காய்ந்திருந்தது.

உள்ளே முகத்தை நீட்டி மூச்சிழுத்தேன். இடது பக்கம் ஓய்வில் இருந்தது. வலது பக்கம் போதுமாக இருந்தது.

"மூணாவது வரிசைய நாளைக்கு எறக்கலாம்," என்றேன்.

அவள் என் தோளுக்கு மேலாக எட்டி முகர்ந்தாள்.

"இல்லீங்க. நாளன்னைக்கு."

தெர்மோமீட்டரைப் பார்த்தேன். அது அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தை விரித்து, மூன்றாவது வரிசைக்கு நேரே "நாளை மறுநாள்" என்று எழுதினேன். அவள் எழுதியதைப் பார்த்துவிட்டு, பெரட்டுத் தப்பு அடிப்பதற்கு முன்பே தன் மரங்களுக்குப் போனாள்.